இரண்டரை மணிக்குத் திசை மாறிய விசைகள்

ஏழாம் எண் கணினிக்கு இரண்டு சொந்தக்காரர்கள். காலை எட்டு மணியிலிருந்து இரண்டு மணி வரை இன்ஸாஃப். மூன்று மணியிலிருந்து ஒன்பது வரை நஷ்வான். நடுவில் ஒரு மணி நேரம் அந்த நாற்காலி காலியாகக் கிடக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பெண்ணின் மனசு எப்படிப் போய்ச் சிக்கிக்கொண்டது என்பதைப் பக்கத்து மேசையிலிருந்து பார்த்தவள் நான்.

எங்கள் அலுவலகம் அம்மான் நகரத்தில், ஜபல் லுவைப்தே மேட்டில், ஒரு ரொட்டிக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருக்கிறது. வெளிநாட்டுப் படங்களுக்கும் தொடர்களுக்கும் அரபியில் சப்டைட்டில் எழுதுவதுதான் தொழில். மொத்தம் பதினான்கு கணினிகள். நான் எட்டாம் எண், எல்லோருக்கும் உம்மு யசன். பிழை திருத்துகிறவள். பத்து மணிக்கு வந்து ஆறு மணிக்குக் கிளம்புவேன். அதனால் அவர்கள் இருவரையும் ஒரே நாளில் பார்க்கும் பாக்கியம் எனக்கு இருந்தது. அவர்களுக்கு அது இல்லை.

இன்ஸாஃபுக்கு நாற்பத்தோரு வயது. இருபத்து மூன்றில் ஒரு நிச்சயதார்த்தம் நடந்து, மாப்பிள்ளை வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர், போனவராகவே ஆகிவிட்டார். அதற்குப் பிறகு அவள் யாரையும் கேட்கவில்லை, யாரும் அவளைக் கேட்கவில்லை. அஷ்ரஃபிய்யேவில் அண்ணன் வீட்டில் ஒரு கட்டில், ஒரு அலமாரி. அண்ணன் பிள்ளைகள் மூன்றரை மணிக்குப் பள்ளிவிட்டு வருவார்கள். கதவைத் திறந்துவிட அவள் அங்கே இருக்க வேண்டும். அதுதான் அந்த வீட்டில் அவளுக்கு இருந்த இடம்.

ஆனால் எழுத்தில் அவளை அடிக்க ஆளில்லை. காதல் காட்சி என்றால் நிர்வாகி ரபாப் அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஏழாம் எண்ணுக்குத்தான் அனுப்புவார். இரண்டு வரிக்குள், மூச்சு விடும் நேரத்துக்குள், ஒருவன் தன் மனசைத் திறந்து காட்ட வேண்டும். இன்ஸாஃப் அதை எழுதிவிடுவாள். ஒரு வாரத்தில் பத்துப் பேராவது அவள் விரல்கள் வழியாகக் காதலைச் சொல்லிக்கொண்டார்கள். அவள் வாய் மட்டும் இதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

பிரச்சினை அவளுடைய வலது தோளில் ஆரம்பித்தது. எங்கள் வேலையில் கை ஓயாது. ஒரு வரியை அடிக்க வேண்டும், அம்புக்குறி விசைகளுக்குக் கையைக் கொண்டுபோய் கர்சரை நகர்த்த வேண்டும், திரும்பி வந்து அடிக்க வேண்டும், மறுபடி அம்புக்குறி. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை அந்தப் பயணம். கடைசியில் கோப்பையைத் தூக்கவே வலித்தது. டாக்டர் இரண்டு மாதம் வேலையை நிறுத்தச் சொன்னார். வேலையை நிறுத்தினால் அண்ணன் வீட்டுச் சமையலறைதான் கதி என்று அவளுக்குத் தெரியும். நிறுத்தவில்லை.

பதிலாக ஒன்று செய்தாள். விசைப்பலகையின் இடது ஓரத்தில், ஷீன் எழுத்துக்குப் பக்கத்தில், கேப்ஸ் லாக் என்று ஒரு விசை இருக்கிறதே, அது எங்களுக்கு எதற்கும் உதவாத விசை. அரபியில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று கிடையாது. வருஷக்கணக்காகத் தூசி பிடித்துச் சும்மா இருந்த அந்த விசைக்கு அவள் வேலை கொடுத்தாள். இணையத்தில் தேடி ஒரு சின்ன நிரல் எழுதக் கற்றுக்கொண்டாள். கேப்ஸ் லாக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு தா எழுத்தைத் தொட்டால் கர்சர் இடப்பக்கம் போகும். மீம் தொட்டால் வலப்பக்கம். நூன் கீழே, ஹா மேலே. கையை எங்கேயும் தூக்க வேண்டாம். சப்டைட்டில் மென்பொருள், மின்னஞ்சல், இணையம் என்று எந்த ஜன்னலைத் திறந்தாலும் அதே விசைகள் அதே வேலையைச் செய்தன. மேல் வரிசையில் அய்ன் எழுத்தைத் தொட்டால் அடுத்த சப்டைட்டில், அதற்கு வலப்பக்கம் இருக்கும் கா எழுத்தைத் தொட்டால் முந்தைய சப்டைட்டில். மூன்று வாரத்தில் தோள் அடங்கியது.

மாலை மூன்று மணிக்கு அதே மேசையில் உட்காருகிறவரைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை.

நஷ்வான் மோசூல்காரர். வயதான அம்மா, இறந்துபோன அண்ணனின் இரண்டு பையன்கள், இவர்களோடு அம்மானுக்கு வந்து ஆறு வருஷம். காலையில் அகதிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டு இரண்டு பஸ் மாறி மூன்று மணிக்கு மூச்சிரைக்க வருவார். நாலு பேருடைய பெயர்களும் ஒரே அகதிக் கோப்பில் இருந்தன. வேறொரு நாடு அவர்களை ஏற்றுக்கொள்ளும் என்று அந்தக் கோப்பு சொல்லியிருந்தது. எப்போது என்று சொல்லவில்லை. அதனால் அவர் ஒரு செடிகூட வாங்கி வைக்க மாட்டார். நாளைக்கே கூப்பிட்டால் அதை யாரிடம் விடுவது என்பார்.

அந்த நிரல் வந்த முதல் நாள் அவர் ஒரு ஆங்கிலப் பெயரை அடிக்கக் கேப்ஸ் லாக்கை அழுத்தியிருக்கிறார். கர்சர் அவரை விட்டுவிட்டு எங்கேயோ ஓடியது. மறுநாள் காலை திரையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "இந்த மெஷின்ல ஜின் புகுந்திருக்கு. காலையில உட்கார்றவங்க ஓதி விரட்டிட்டுப் போகவும்."

இன்ஸாஃப் தாளைப் படித்துச் சிரித்தாள். பதிலைத் தாளில் எழுதினால் பதின்மூன்று மேசையும் படிக்கும். அதனால் நிரலுக்குள்ளேயே எழுதினாள். அந்த நிரலில் ஒரு வசதி உண்டு. அரைப்புள்ளி போட்டு ஆரம்பிக்கிற வரியை இயந்திரம் கண்டுகொள்ளாது. அது மனிதர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் குறிப்பு. அங்கே போய், ஜின் இல்லை உஸ்தாத், தோள்வலி, எந்த விசையை எப்படித் தொட வேண்டும் என்று விவரமாக எழுதி வைத்தாள். மறுநாள் அதற்குக் கீழே ஒரு வரி இருந்தது. தொட்டுப் பார்த்தேன், ஜின்னுக்கு என் ஸலாம்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அந்த வரிகளெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியவந்தன.

ஒரு வாரம் கழித்து, பிழை பார்க்க என்னிடம் வந்த ஒரு படத்தில் திருடன் கத்தியைக் காட்டுகிறான். கீழே வரி வருகிறது, "மகனே, சாப்பிட்டாயா?" அடுத்து அம்மா அழுகிறாள். கீழே, "கையைத் தூக்கு." நாற்பது வரிகள் இப்படி. இன்ஸாஃபைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் முகம் சிவந்துபோயிற்று.

"உம்மு யசன், எந்தக் கழுதை இதைத் தொட்டுச்சு?"

"உன் மேசைக் கழுதைதான்மா. மூணு மணிக் கழுதை."

நடந்தது இதுதான். எங்களுக்கு எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். ஆகவே இன்ஸாஃபுக்கு அடுத்தது என்றால் இடப்பக்கம். திரையின் அடியில் படம் ஒரு பட்டையாக ஓடுமே, அது இடமிருந்து வலமாக ஓடும். நஷ்வானின் கண் எப்போதும் அந்தப் பட்டையில். அவருக்கு அடுத்தது என்றால் வலப்பக்கம். முன்னால் போவதாக நினைத்து அவர் தட்டிய ஒவ்வொரு தட்டும் பின்னால் போய், அதே படத்தில் அவள் காலையில் முடித்துவைத்த வரிகளின் நேரத்தைக் குலைத்திருந்தது. இது எங்கள் ஊர்த் தொழிலில் மட்டுமே நடக்கக்கூடிய விபத்து. எழுத்து ஒரு பக்கம் போகும், படம் மறுபக்கம் போகும், நடுவில் நாங்கள்.

அரைப்புள்ளி வரிகளில் சண்டை நடந்தது. அரபி எழுதுகிறவனுக்கு அடுத்தது இடப்பக்கம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லையா என்று அவள் கேட்டாள். சொல்லித்தந்தார்கள், படத்துக்கு யாரும் சொல்லித்தரவில்லையே என்று அவர் எழுதினார். நாலு நாள் வாக்குவாதம். ஐந்தாம் நாள் அவர் ஒரு காரியம் செய்திருந்தார். நிரலில் கடிகாரத்தைச் சேர்த்துவிட்டார். பிற்பகல் இரண்டரை வரைக்கும் இடப்பக்கம் முன்னால். இரண்டரைக்குப் பிறகு வலப்பக்கம் முன்னால். கீழே எழுதியிருந்தார், காலை உங்களுடைய திசை, மாலை என்னுடைய திசை, இயந்திரம் நம் இருவரையும் அடையாளம் கண்டுகொள்ளும்.

இன்ஸாஃப் அந்த வரியை எத்தனை தடவை படித்தாளோ தெரியாது. அன்றைக்குக் கீழேயிருந்து வாங்கி வந்த எள் ரொட்டி அப்படியே ஆறிப்போயிற்று.

அதற்குப் பிறகு அந்த நிரல் ஒரு வீடு மாதிரி ஆகிவிட்டது. அதன் கீழ்ப்பகுதியில் இரண்டு பேர் வசித்தார்கள். அவருடைய அம்மாவின் முழங்கால், இளைய பையனின் இழுப்பு, டைக்ரிஸ் கரையில் ஒரு மாடி, அதன் மேல் கோடையில் படுக்கை விரிக்கும் வாசனை. இவள் பக்கத்தில் அண்ணியின் மௌனங்கள், முதல் மழையில் அஷ்ரஃபிய்யே படிக்கட்டு ஓடையாவது, தான் எழுதி ரபாப் அம்மா வெட்டிய நல்ல வரிகள். இழுப்பறையில் அவள் வைத்துவிட்டுப் போன ரொட்டி மறுநாள் இருக்காது. அந்த இடத்தில் காகிதத்தில் மடித்த காய்ந்த எலுமிச்சை இருக்கும், தேநீருக்கு. படிக்கட்டில் இரண்டு தடவை எதிரெதிரே பார்த்துக்கொண்டதோடு சரி. இரண்டு தடவையும் ஸலாம் சொல்லிவிட்டு இருவரும் சுவர்ப்பக்கம் ஒதுங்கிப் போனார்கள். காத்திருந்து பேசலாமே என்பீர்கள். பதின்மூன்று மேசையிலும் கண்கள் இருக்கின்றன. கல்யாணமாகாத பெண் ஒருத்தி வேலை முடிந்தும் ஒரு ஆணுக்காக உட்கார்ந்திருந்தாள் என்ற சேதி, அவள் வீடு போய்ச் சேருமுன் அண்ணியின் காதுக்குப் போய்ச் சேரும்.

ஒருநாள் அவசர வேலை. இரண்டு மணிக்கு முடியவில்லை. இன்ஸாஃப் தலை நிமிராமல் அடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் கை அப்படியே நின்றது. ஏதோ நெருப்பைத் தொட்டவள் மாதிரி விரல்களைப் பார்த்தாள். இரண்டரை மணி. முன்னால் போய்க்கொண்டிருந்த விசை பின்னால் போயிருந்தது. அவள் விரலுக்குக் கீழே திசை மாறி, அது இப்போது அவருடைய பலகையாகிவிட்டது. அவருடைய பழக்கம், அவருடைய கையின் குணம், அவள் உள்ளங்கைக்குக் கீழே.

அன்று முதல் அவள் இரண்டு மணிக்கு எழுந்துபோவதை நிறுத்தினாள். ஏதாவது ஒரு காரணம் வைத்துக்கொள்வாள். இரண்டரைக்குக் கண்ணை மூடிக்கொண்டு கா எழுத்தைத் தொடுவாள். முன்னால் போகும். ஐந்து நிமிஷம் அப்படியே நடப்பாள், அவர் திசையில். பிறகு பையை எடுத்துக்கொண்டு, அவர் வருவதற்குள், ஓட்டமும் நடையுமாகப் படியிறங்கிவிடுவாள்.

என்ன செய்கிறாய் என்று கேட்டேன். கை பழகட்டும் என்று பார்க்கிறேன் என்றாள். நான் மேலே கேட்கவில்லை. என் கண்தான் கலங்கியது.

வசந்தம் முடியும் சமயத்தில் அவர் ஒரு வரி எழுதியிருந்தார். கடைசி நேர்காணல் முடிந்தது, எப்போது வேண்டுமானாலும் பதில் வரலாம். அதைப் படித்ததிலிருந்து இன்ஸாஃபுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று நாள் ஏதோ எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள். ஊரார் காதலையெல்லாம் இரண்டு வரியில் எழுதத் தெரிந்தவளுக்குத் தன்னுடையதை எழுத மூன்று நாள் போதவில்லை. இந்த மனிதர் போவதற்குள் அவர் மனசில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. புதன்கிழமை இரண்டரை தாண்டியதும் கடகடவென்று ஒரு வரி அடித்துவிட்டு, திரும்பிப் பாராமல் போய்விட்டாள்.

அந்த வரி இது: "உங்கள் திசையில் ஒரு முழு நாள் நடக்க வேண்டும் போலிருக்கிறது. ஐந்து நிமிஷம் போதவில்லை."

இனி நடந்ததில் எனக்கும் பங்குண்டு. ஆறாம் எண் மேசையில் ஹைஸம் என்று ஒருத்தன், பன்னிரண்டாம் எண்ணில் இன்னொரு பெண், எல்லோருக்கும் தோள்வலி. இன்ஸாஃபின் விசைகளைப் பற்றி ரபாப் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னது நான்தான். எல்லாக் கணினிக்கும் அதையே போடு என்று அவர் தொழில்நுட்பப் பையன் குதைபாவிடம் சொல்லிவிட்டார். புதன்கிழமை இரண்டே முக்காலுக்கு அவன் வந்து ஏழாம் எண்ணிலிருந்து நிரலை எடுத்துக்கொண்டான். நான் ஏலக்காய்க் காப்பியை ஊதிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

மூன்று மணிக்கு நஷ்வான் வந்தார். நிரலைத் திறந்தார். அன்று அவர் குறைவாகத்தான் அடித்தார்.

வியாழக்கிழமை காலை இன்ஸாஃப் வந்ததும் வராததுமாக நிரலைத் திறந்தாள். அவள் வரிக்குக் கீழே ஒன்றுமில்லை. கீழே கீழே போய்ப் பார்த்தாள். வெறும் வெள்ளை. அவள் அழவில்லை. மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தவள் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

காலை முழுக்க மற்றப் பதின்மூன்று மேசைக்காரர்களும் புது விசைகளைப் பழகிக்கொண்டிருந்தார்கள். நன்றாக இருக்கிறது, கை லேசாக இருக்கிறது என்று பேச்சு. இரண்டு மணியாயிற்று. இன்ஸாஃப் எழவில்லை. பழக்கமா, கடைசியாக ஒரு தடவை என்ற ஆசையா, தெரியவில்லை.

இரண்டரை அடித்தது.

பதினான்கு கணினியிலும் ஒரே நொடியில் முன்னால் என்பது பின்னால் ஆகிவிட்டது. ஒருத்தி முடித்த வரியெல்லாம் போச்சு என்று தலையில் கைவைத்தாள். ஒருவர் மேசையை அறைந்தார். யாரோ குதைபாவைச் சபித்தார்கள். ஹைஸம் மட்டும் காரணத்தைக் கண்டுபிடிக்கிறேன் என்று நிரலைத் திறந்தான். மேலே கடிகாரம் இருந்தது. கீழே அந்த வீடு இருந்தது.

அவன் உரக்கப் படிக்க ஆரம்பித்தான். ஜின், தோள்வலி, மோசூல் மாடி. முதலில் சிலர் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் எழுந்து அவன் மேசைக்குப் போனார்கள். இன்ஸாஃப் எழுந்து நின்றாள். எங்கே போவதென்று தெரியாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். கடைசி வரியை அவன் இரண்டு தடவை படித்தான்.

"ஏழாம் நம்பர்லேர்ந்துதானே இது வந்துச்சு? ஸித்த் இன்ஸாஃப், எந்தத் திசைன்னு சொன்னா நாங்களும் கூட வருவோம். ஒரு முழு நாளாமே."

"ஹைஸம், வாயை மூடு," என்றேன் நான்.

"நான் என்ன பண்ணேன் உம்மு யசன்? எழுதுனவங்களை விட்டுட்டு, படிச்சவனைத் திட்டுறீங்க."

அப்போதுதான் வாசலில் ஆள் நிற்பதைப் பார்த்தோம். நஷ்வான். என்றைக்கும் மூன்றுக்கு வருகிறவர், அன்றைக்கு இரண்டே முக்காலுக்குள் வந்து நின்றார். அவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"அதை எழுதினது நான்," என்றார். அந்த மோசூல் பேச்சைக் கேட்டு வழக்கமாகப் புன்னகைக்கிறவர்கள்கூட அன்றைக்கு அசையவில்லை. "அவங்களுக்கு இது தெரியவே தெரியாது. சிரிக்கணும்னா என் மூஞ்சியப் பார்த்துச் சிரி."

ஐந்து நிமிஷம் போதவில்லை என்பது யாருடைய ஐந்து நிமிஷம் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே நம்பினார்கள். ரபாப் அம்மா அறையிலிருந்து வந்து எல்லோரையும் இடத்துக்கு விரட்டினார். நஷ்வானை உள்ளே கூப்பிட்டார். இன்ஸாஃப் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு அவரைக் கடந்து படியிறங்கிப் போனாள். அந்த மௌனத்தை அவள் தனக்கு மன்னிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வாரம் தொடங்கியபோது நிரலில் அரைப்புள்ளி வரிகள் ஒன்றுகூட இல்லை. குதைபா எல்லாக் கணினியிலும் துடைத்திருந்தான்; கடிகாரத்தை ஏழாம் எண்ணில் மட்டும் விட்டுவைத்திருந்தான். நஷ்வானும் வரவில்லை. ரபாப் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து விசா வந்துவிட்டது. இன்னும் எட்டு நாளில் பயணம். வியாழக்கிழமை அவர் சீக்கிரம் வந்தது அதைச் சொல்லத்தான். யாரிடம் சொல்ல என்று ரபாப் அம்மாவுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

இன்ஸாஃப் என் மேசைக்கு வந்தாள்.

"உம்மு யசன், அவர் வீட்டுக்குப் போகணும். தனியா போக முடியாது. நீங்க வரணும்."

"போயி என்ன கேக்கப் போறே?"

"ஒண்ணே ஒண்ணு. அது என்னைக் காப்பாத்தச் சொன்ன பொய்யா, இல்லையான்னு."

வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு பெட்டி குனாஃபா இனிப்பு வாங்கிக்கொண்டோம். ஹாஷ்மி பக்கம் போகும் பகிர்வு டாக்ஸியில் அவள் அந்தப் பெட்டியை வழி முழுக்க மடியில் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு அறை வீடு. கூடத்தில் எட்டுப் பெட்டிகள் வாய் திறந்து கிடந்தன, நடுவில் நஷ்வான் துணி மடித்துக்கொண்டிருந்தார். எடை பார்க்கும் இயந்திரத்தில் பையன்கள் மாறி மாறி ஏறி நின்றார்கள். நஷ்வானின் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தார், பிறகு இன்ஸாஃபைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீதான் அந்தக் காலை நேரத்துப் பொண்ணா?"

இன்ஸாஃப் தலையசைத்தாள். அவள் முகம் அப்படியே கரைந்துபோயிற்று. அந்தக் கிழவியம்மா வேறொன்றும் கேட்கவில்லை. காய்ந்த எலுமிச்சைத் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு பெட்டிக்குக் கயிறு கட்ட வேண்டும், வா என்று என்னையும் பையன்களையும் உள்ளறைக்கு அழைத்துப்போனார். கதவை மூடவில்லை. அதுவும் மரியாதைதான். கயிற்றை இழுத்துப் பிடித்தபடி நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இன்ஸாஃப்தான் முதலில் பேசினாள். அன்று வாய் திறக்காமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டாள். அவர் அதெல்லாம் வேண்டாம் என்றார். பிறகு அவள் கேட்டாள்.

"அந்த வரி உங்களோடதுன்னு சொன்னீங்க. எனக்காகச் சொன்ன பொய்யா?"

தேநீர்க் கோப்பை தட்டில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"புதன்கிழமை அதைப் படிச்சப்போ, நான் இதை எப்ப எழுதினேன்னுதான் முதல்ல தோணுச்சு. அப்புறம்தான் நீங்க எழுதினதுன்னு புரிஞ்சுது. பதில் எழுத உட்கார்ந்தேன், கை வரல. காலையிலதான் விசா வந்த சேதி தெரிஞ்சிருந்துச்சு."

"அப்போ பொய் இல்ல."

"இல்ல."

என் பக்கத்தில் அவருடைய அம்மா கயிற்றை விட்டுவிட்டார்.

அவர் தொடர்ந்து சொன்னதையெல்லாம் நான் இங்கே எழுதவில்லை. சுருக்கம் இதுதான். கோப்பில் நாலு பெயர். இப்போது ஐந்தாவதாக ஒரு பெயரைச் சேர்த்தால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். இன்னொரு ஆறு வருஷம். அம்மாவுக்கு எழுபத்து நாலு. பையன்களில் மூத்தவனுக்குப் பதினாலு, சொந்தமாக ஒரு பள்ளிச் சான்றிதழ்கூடக் கிடையாது. அவர் போகாமல் இங்கேயே இருந்துவிட்டால் இவர்கள் மூவரும் இருக்க வேண்டும். நீங்கள் சொல்லுங்கள், நான் என்ன செய்யட்டும் என்று அவர் கேட்டபோது அந்தக் குரல் உடைந்திருந்தது. ஒரு ஆண் அழுவதைக் கேட்க நேர்ந்தால் எங்கே பார்ப்பதென்று தெரிவதில்லை. நான் பெட்டியின் பூட்டைப் பார்த்தேன்.

இன்ஸாஃப் அழவில்லை. பதினெட்டு வருஷமாக ஒருத்தருக்காகவும் வாய் திறக்காதவள், அன்றைக்குத் தெளிவாகப் பேசினாள்.

"நீங்க போங்க நஷ்வான். அவங்களைக் கொண்டுபோய்ச் சேருங்க. அங்க உங்க கால் ஊன்றினதும், எனக்கு ஒரு வரி எழுதிக் கூப்பிடுங்க, வரேன். கூப்பிடலைன்னாலும் நான் தப்பா நினைக்க மாட்டேன். எனக்குத் தெரிய வேண்டியது தெரிஞ்சிடுச்சு."

உஸ்தாத் என்று சொல்லாமல் அவள் அவர் பெயரை மட்டும் சொன்னது அதுதான் முதல் தடவை.

கிளம்பும்போது அவருடைய அம்மா இன்ஸாஃபின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் முத்தமிட்டார். நஷ்வான் தெருமுனை வரை வந்தார். டாக்ஸி வந்து நின்றது. இருவரும் கைகூடக் கொடுத்துக்கொள்ளவில்லை. நெஞ்சில் கை வைத்துத் தலை சாய்த்தார்கள், அவ்வளவுதான். வண்டி திரும்பும்போது நான் பின்னால் பார்த்தேன். அவர் அங்கேயே நின்றிருந்தார். அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இறங்கியிருப்பாள்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷமாகப் போகிறது. ஏழாம் எண்ணில் மாலை நேரத்துக்கு ரன்த் என்று ஒரு பெண் வந்தாள். மாலையில் திசை மாறியிருப்பது தொந்தரவாக இருக்கிறது, எடுத்துவிடலாமா என்று கேட்டாள். இன்ஸாஃப் மறுக்கவில்லை. குதைபா அந்தக் கடிகாரத்தை நீக்கிவிட்டான். இப்போது நாள் முழுக்க இடப்பக்கம்தான் முன்னால். இன்ஸாஃப் இரண்டு மணிக்குச் சரியாக எழுந்து போய்விடுகிறாள். காதல் காட்சிகளை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று ரபாப் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். இப்போது அவளுக்கு வருவதெல்லாம் கடல் மீன்கள், எரிமலைகள் பற்றிய ஆவணப்படங்கள்.

நஷ்வான் எழுதுகிறார். வியாழன் தோறும் ஒரு மின்னஞ்சல். மருந்துக் கிடங்கு ஒன்றில் பெட்டி அடுக்குகிறார். பையன்கள் பள்ளிக்கூடம் போகிறார்கள். போன குளிர்காலத்தில் அம்மா தவறிப்போனார். கோப்பில் இப்போது மூன்று பெயர். அவர் எல்லாவற்றையும் எழுதுகிறார், அங்கே எந்த மரம் எப்போது பூக்கிறது என்பது வரை. கூப்பிடும் அந்த ஒரு வரியை மட்டும் இன்னும் எழுதவில்லை. தயங்குகிறாரா, வாடகை அறையில் அவளைக் கொண்டுபோய் வைக்க வெட்கமா, காகிதங்கள் இன்னும் முடியவில்லையா, அது அவருக்குத்தான் தெரியும்.

போன வியாழன் மின்னஞ்சலைப் படித்து முடித்துவிட்டு அவள் மறுபடி முதலிலிருந்து தேடிப் படித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அன்னைக்கு அவர்கிட்ட என்ன சொன்னே? கூப்பிடலைன்னாலும் தப்பா நினைக்க மாட்டேன்னு சொன்னேல்ல?"

"சொன்னேன் உம்மு யசன்," என்றாள் இன்ஸாஃப். "அன்னைக்கு அந்த வீட்டுல நான் சொன்ன ஒரே பொய் அதுதான்."

பதில் எழுத ஆரம்பித்தாள்.